அம்மாவுக்குக் கண்ணிலை வெள்ளை: லேசரோ, சாதாரண ஒப்பரேஷனோ? (மகளின்ரை கண்ணாடிக் கதையும் உள்ளுக்கு இருக்கு)

கொக்குவில்_மகள்:
எல்லாருக்கும் வணக்கம். ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லினம், எனக்கு மண்டை விறைக்குது. அதுதான் இஞ்சை எழுதுறன்.

அம்மாவுக்கு 71 வயசு. சீனி வருத்தம் பத்துப் பன்னிரண்டு வருசமா இருக்கு, குளிசையோடை கட்டுப்பாடுதான். ரெண்டு கண்ணிலையும் வெள்ளை (கற்றரக்ட், கண்புரை) படர்ந்திருக்கு, வலது கண்ணிலை கூட எண்டு யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்கிலை சொல்லி, பேர் பதிஞ்சு விட்டிருக்கினம். ஆள் ஒத்துக்கொள்ளுறா இல்லை. "எனக்கு வடிவாத் தெரியுது, நீங்கள்தான் பயப்படுறியள்" எண்டுறா. அரிசியிலை கல்லுப் பொறுக்கிறது இப்ப கண்ணாலை இல்லை, விரலாலை. அப்பாவின்ரை வேட்டியெல்லாம் மஞ்சள் பத்திப் போச்சு, இப்பத்தைச் சவுக்காரம் ஒண்டுக்கும் உதவாது எண்டு ஒவ்வொரு முறை தோய்க்கேக்கையும் சண்டை. நீலம் வேறை ஒண்டுக்கு ரெண்டாப் போடுறா.

கனடா ஸ்காபரோவிலை இருக்கிற தம்பி, "கொழும்புக்கோ சென்னைக்கோ கொண்டுபோய் லேசரிலை செய், காசு நான் அனுப்புறன்" எண்டுறான். பக்கத்து வீட்டு மாமி, "முத்தட்டும், முத்தினாத்தான் வடிவா எடுக்கலாம்" எண்டுறா. இதுக்குள்ளை என்ரை மூத்தவள், 19 வயசு, கண்ணாடி மைனஸ் நாலரை, "அம்மம்மாவோடை எனக்கும் லேசர் செய்து விடுங்கோவன்" எண்டு நிக்கிறாள். அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

வேப்பமரத்தடி:
அக்கா, அவசரப்பட்டுக் கத்தி வைக்காதைங்கோ. எங்கடை அப்பாச்சி நந்தியாவட்டைப் பூவைத் தண்ணியிலை ஊறவிட்டுக் கண் கழுவி, சுத்தத் தேன் ஒரு துளி விட்டு, 90 வயசு மட்டும் பேப்பர் வாசிச்சவ.

பென்சன்_நேர்ஸ்:
தம்பி வேப்பமரத்தடி, உங்கடை அப்பாச்சிக்குக் கற்றரக்ட் இருந்ததெண்டு ஆர் பாத்துச் சொன்னது? முட்டை வெள்ளைக்கரு அவிஞ்சா வெள்ளையாப் போகுதெல்லோ, கண் லென்சிலை இருக்கிற புரதமும் வயசு போகப்போக அப்பிடித்தான். அவிஞ்ச முட்டையைத் தேன் விட்டுப் பச்சை முட்டையாக்க ஏலுமெண்டா உதையும் செய்யலாம். பூத்தண்ணியும் தேனும் விட்டுக் கண்ணிலை கிருமி பிடிச்சு வந்த ஆக்களை நான் தூக்கிப் படுத்தியிருக்கிறன். தயவுசெய்து உதை இதிலை எழுதாதைங்கோ.

கொக்குவில் பிள்ளை, நான் டொக்டர் இல்லை. கண் தியேட்டரிலை நிண்டு பென்சனுக்கு வந்தவள். அந்தளவிலை எடுங்கோ.

முதல் 'லேசர்' எண்ட சொல்லை ஒருக்கா உதறிப் பாப்பம். எங்கடை சனம் மூண்டு வேறை வேறை வேலைக்கு அந்த ஒரு பேரைத்தான் சொல்லுது. உங்கடை மகள் கேக்கிறது, கண்ணுக்கு முன்னாலை கைமணிக்கூட்டுக் கண்ணாடி மாதிரி இருக்கிற கோர்னியாவைச் செதுக்கி, மூக்குக் கண்ணாடியைக் கழட்டிற வேலை. அது உண்மையா லேசர். அம்மாவுக்கு மங்கினது அதுக்கும் பின்னாலை, கண்மணிக்கு அங்காலை இருக்கிற லென்ஸ். அதை லேசர் கரைச்சு எடுக்கிறேல்லை. கிட்டத்தட்ட மூண்டு மில்லிமீற்றர் வெட்டுக்குள்ளாலை ஊசி மாதிரி ஒரு முனையை விட்டு, செக்கனுக்குப் பல்லாயிரம் தரம் அதிர வைச்சு, லென்சை உடைச்சு உறிஞ்சி எடுப்பினம். ஃபேக்கோ எண்டுறது அது. 1967 இலை நியூயோர்க்கிலை சார்ள்ஸ் கெல்மன் எண்ட கண் டொக்டர் தொடங்கினவர். பல்லு டொக்டரிட்டைப் போயிருக்கேக்கை ஊத்தை எடுக்கிற மெசினைப் பாத்து வந்த யோசினையாம். லென்ஸ் இருந்த பையை அப்பிடியே விட்டு, அதுக்குள்ளை மடிச்ச பிளாஸ்ரிக் லென்சை விரிச்சு வைப்பினம். தையல் இல்லை. ஆளை மயக்கிறேல்லை, கண்ணை மட்டும் மரக்கப் பண்ணுறது. நல்ல கண்ணெண்டா அரை மணித்தியாலத்துக்குள்ளை முடிஞ்சிடும்.

மூண்டாவது, ஒப்பரேஷன் செய்து மாசக்கணக்கிலையோ வருசக்கணக்கிலையோ அந்தப் பையின்ரை பின்பக்கம் சிலருக்கு மங்கும். அப்ப யாக் லேசராலை நடுவிலை ஒரு ஓட்டை போட்டுவிடுவினம். கதிரையிலை இருந்தபடி ஐஞ்சு நிமிச வேலை. "எனக்குக் கற்றரக்ட் திரும்ப வந்து லேசரிலை எடுத்தவை" எண்டு சனம் சொல்லுறது இதைத்தான். எடுத்த லென்ஸ் திரும்ப முளைக்காது.

மாமி சொல்லுறது ஒரு காலத்திலை உண்மை. முந்தின முறையளிலை முத்தினாத்தான் லேசா வெளியிலை வரும். பெரிய வெட்டு, தையல், தலையை அசைக்காமல் நாள்க்கணக்கிலை படுக்கை, கடைசியிலை சோடாப் போத்தல் அடி மாதிரி ஒரு கண்ணாடி. அந்த ஞாபகத்திலை சொல்லுறா, கோவிக்காதைங்கோ. இப்ப நேர்மாறு. நுங்கை யோசிச்சுப் பாருங்கோ. இளசா இருக்கேக்கை பெருவிரலை விட்டு ஒரு சுழட்டுச் சுழட்டினா வழுக்கி வந்திடும். சீக்காய் ஆனாப் பிறகு கத்தியோடை மல்லுக்கட்ட வேணும். லென்சும் அப்பிடித்தான். கல்லாப் போனா அதிர்வு கனக்கக் குடுக்க வேணும், கோர்னியாவுக்குச் சேதம், பை கிழியிற பயம். சில நேரம் ஃபேக்கோவை விட்டிட்டு, தையல் இல்லாத பெரிய வெட்டு முறைக்குப் போவினம். அதுவும் நல்ல முறைதான், ஆனா கண் ஆறக் கொஞ்சம் நாளெடுக்கும். இன்னும் விட்டா உள்ளை கசிஞ்சு கண் பிரஷர் ஏறி, வெடிக்கிற மாதிரிக் குத்தோடை இரவிலை ஓடி வருவினம். அப்பிடி வந்ததிலை சிலருக்குப் பார்வை மிச்சமில்லை.

சவுக்காரத்திலை பிழையில்லை பிள்ளை. லென்ஸ் மங்கேக்கை மஞ்சளாகி, மண்ணிறமாயும் போகும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு வேட்டியைப் பாத்தா எப்பிடி இருக்கும்?

றூட்_750:
நேர்ஸ் அம்மா சொன்னதோடை லென்ஸ் கதையையும் சேர்த்துச் சொல்லுறன். நான் பருத்தித்துறை றூட்டிலை மினிபஸ் ஓடுறனான், வயசு 58. ஒரு தனியார் இடத்திலை செய்தனான், இடத்தின்ரை பேர் வேண்டாம். "கிட்டவும் தெரியும் தூரவும் தெரியும், கண்ணாடியே தேவையில்லை" எண்டு மல்ரிஃபோக்கல் லென்ஸ் வைச்சினம். விலை கூட. பகலிலை பொய் சொல்லக்கூடாது, அருமை. ரிக்கற் புத்தகத்தைக் கண்ணாடி இல்லாமல் பாக்கிறன். இரவிலைதான் வினை. எதிரை வாற லைற் ஒவ்வொண்டையும் சுத்தி வட்டம். வல்லை வெளியிலை ஒரு லொறி வந்தா சக்கரவாணம் கொளுத்திக்கொண்டு வாற மாதிரி. ஒரு வருசத்திலை கொஞ்சம் பழகிட்டுது, எண்டாலும் கடைசி ட்ரிப்பை இப்ப மகன் ஓடுறான்.

எனக்குக் கோவம் லென்சிலை இல்லை. "என்ன தொழில் செய்யிறியள்?" எண்டு ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கேல்லை.

பென்சன்_நேர்ஸ்:
அந்த லென்ஸ் வெளிச்சத்தைப் பங்கு போட்டுத்தான் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் குடுக்குது. பங்கு போட்டா ஒவ்வொரு பங்கும் கொஞ்சம் மெலியும். விழித்திரை நல்லா இருக்கிறவர் சமாளிப்பார். சீனியாலை விழித்திரை பழுதான ஆளுக்கும் கிளாக்கோமா (கண் பிரஷர் வருத்தம்) உள்ள ஆளுக்கும் பொதுவாச் சரிவராது. ஆனபடியா அம்மாவுக்கு முதல் கேள்வி எந்த லென்ஸ் எண்டதில்லை, விழித்திரை எப்பிடி எண்டதுதான். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு உள்ளுக்குப் பாப்பினம். அண்டைக்கு ஆளைத் தனியா அனுப்பாதைங்கோ, நாலைஞ்சு மணித்தியாலம் வெளிச்சம் கூசும்.

ஒரே தூரத்துக்கு மட்டும் தெரியிற மொனோஃபோக்கல் லென்சைச் சனம் 'சாதா லென்ஸ்' எண்டு இளக்காரமாச் சொல்லுது. என்னைக் கேட்டா எங்கடை வயோதிபருக்கு அதுதான் நம்பிக்கையான லென்ஸ். தூரத்துக்கு வைச்சா வாசிக்க ஒரு கண்ணாடி வேணும், அவ்வளவுதான். கோர்னியா ஒரு பக்கம் கூட வளைஞ்ச ஆளெண்டா, அந்த வளைவுக்கு ஈடுகட்டுற ரோறிக் லென்ஸ் இருக்கு.

ஸ்காபரோ_சின்னவன்:
அக்கா, உது நீதானே? சவுக்காரத்தோடை சண்டை பிடிக்கிற வேறை அம்மா கொக்குவிலிலை இல்லை.

சரி, கேக்கிறன். இஞ்சை கனடாவிலை லேசராலை வெட்டு வைச்சும் கற்றரக்ட் செய்யினம், அதுக்குத் தனிக் காசு. அப்ப அது நல்லபடியாத்தானே இருக்கோணும்? லென்சும் அங்கை என்னத்தை வைப்பினமோ தெரியாது. அமெரிக்கன் லென்ஸ் ஒண்டு வாங்கி அனுப்பட்டோ?

பென்சன்_நேர்ஸ்:
தம்பி, நீங்கள் சொல்லுறது ஃபெம்ரோ லேசர். வெட்டையும், பையைத் திறக்கிறதையும், லென்சை முதல் துண்டாக்கிறதையும் அது செய்யும். உறிஞ்சி எடுக்கிறது பிறகும் ஃபேக்கோ முனைதான். பிரான்சிலையும் இங்கிலாந்திலையும் ஆயிரக்கணக்கான கண்களிலை ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தவை. கைதேர்ந்த ஆள் சாதாரண முறையிலை செய்ததைவிட லேசர் பார்வையைக் கூட்டிக் குடுத்ததாத் தெரியேல்லை. செலவு மட்டும் கூட.

லென்ஸ் அனுப்பிறதெண்டா எந்த நம்பர் அனுப்புவியள்? சப்பாத்து வாங்கி அனுப்பிறதெண்டாலும் கால் அளவு வேணும். கண்ணின்ரை நீளத்தையும் கோர்னியாவின்ரை வளைவையும் அளந்துதான் நம்பர் எடுப்பினம். நீளத்திலை ஒரு மில்லிமீற்றர் பிழைச்சா கண்ணாடி நம்பரிலை ரெண்டரை, மூண்டு பிழைக்கும். காசு செலவழிக்கிறதெண்டா அந்த அளவு வடிவா எடுக்கிற இடத்துக்குச் செலவழியுங்கோ.

நாட்டுப் பேரைப் பாத்து லென்ஸ் எடுக்காதைங்கோ. முதல் லென்ஸ் 1949 இலை லண்டனிலை ஹரல்ட் றிட்லி வைச்சது, சண்டைப் பிளேன் கூரைக்குப் போட்ட பிளாஸ்ரிக் வகையிலை செய்தது. உடைஞ்ச கூரைத் துண்டு விமானிமாரின்ரை கண்ணுக்குள்ளை கிடந்தும் கண் பகைக்கேல்லை எண்டதைக் கண்டு துணிஞ்சவர். கனகாலம் லென்ஸ் பணக்காரச் சாமானாத்தான் இருந்தது. 1992 இலை மதுரை அரவிந்த் ஆக்கள் அவுரோலாப் எண்டு சொந்தமாச் செய்யத் தொடங்கினாப் பிறகுதான் ஏழை எளியதுகளுக்கும் கிடைச்சுது. அது இப்ப பல நாட்டுக்குப் போகுது.

கந்தர்மடம்_வாசி:
நேர்ஸ் அம்மா, அப்ப சென்னைக்குப் போறது பிழையோ? பலாலியிலை பிளேன் ஏறினாக் கெதியிலை அங்கை. எங்கடை மாமா போய்ச் செய்து வந்தவர்.

பென்சன்_நேர்ஸ்:
பிழை எண்டு ஆர் சொன்னது? அங்கை கைராசியான ஆக்கள் கனபேர். விழித்திரையிலை சிக்கல், ஏற்கெனவே பழுதான கண் எண்டா நானும் போகச் சொல்லுவன். ஆனா கற்றரக்ட் ஒப்பரேஷன் எண்டது அந்த அரை மணித்தியாலம் மட்டுமில்லை. அடுத்தநாள் பாக்க வேணும், ஒரு கிழமையிலை பாக்க வேணும், ஒரு மாசத்திலை கண்ணாடிக்குப் பாக்க வேணும், மற்றக் கண்ணுக்குத் திரும்ப இதே சுத்து. ஆயிரத்திலை ஒண்டு ரெண்டு கண்ணுக்குள்ளை கிருமி போறதுமுண்டு. குத்து, சிவப்பு, நேற்றுத் தெரிஞ்சது இண்டைக்கு மங்கல், இதிலை ஒண்டு வந்தாலும் அண்டைக்கே, அந்த மணித்தியாலமே பாக்க வேணும். "நாளைக்குப் பாப்பம்" எண்டு படுத்தா விடிய அந்தக் கண் இல்லை. செய்த டொக்டர் கடலுக்கு அங்காலை இருந்தா ஆரிட்டை ஓடுவியள்? கொழும்பெண்டாலும் இரவு பஸ்தானே.

பெரியாஸ்பத்திரியிலை காசு கட்டத் தேவையில்லைத்தான், ஆனா வரிசை நீளம். லென்சோ மருந்தோ வெளியிலை வாங்க வேணுமோ எண்டு திகதி தரேக்கையே கேட்டு வையுங்கோ. தனியாரெண்டா லென்ஸ், தியேட்டர், சொட்டு மருந்து, பிந்திப் பாக்கிற கிளினிக் எல்லாம் அந்தக் காசுக்குள்ளையோ எண்டு எழுத்திலை வாங்குங்கோ.

மைனஸ்_ஆறு:
மருமகளின்ரை கதைக்கு நான் வாறன். எனக்கு 26 வயசிலை கொழும்பிலை செய்தது. மைனஸ் ஆறு. கிணத்தடியிலை கண்ணாடியைக் கழட்டினா வாளி எங்கையெண்டு தெரியாத ஆள்.

19 வயசு கெதி. 18 க்குப் பிறகு செய்யலாம் எண்டு பொதுவாச் சொன்னாலும், ஒரு வருசமாவது நம்பர் அசையாமல் நிக்க வேணும். இந்த வயசிலை படிப்பும் ஃபோனுமா நம்பர் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இப்ப செதுக்கினா ரெண்டு வருசத்திலை திரும்பக் கண்ணாடி.

ரெண்டாவது கோர்னியாவின்ரை தடிப்பு. கணக்கு சின்னக் கணக்குத்தான். சராசரி ஆளுக்கு 540 மைக்கிரோன் (ஒரு மில்லிமீற்றரிலை ஆயிரத்திலை ஒரு பங்குதான் ஒரு மைக்கிரோன்) அளவிலை இருக்கும். லாசிக் எண்ட லேசர் முறையிலை மேலை 110 அளவிலை ஒரு மூடியைத் திறந்து, கீழை நம்பர் ஒண்டுக்குக் கிட்டத்தட்ட 15 மைக்கிரோன் செதுக்குவினம். அடியிலை 250 ஆவது மிஞ்ச வேணும், கூட மிஞ்சினா இன்னும் நல்லம். எனக்கு இருந்ததே 490. "மூடி திறக்கிற விளையாட்டு உனக்கு வேண்டாம்" எண்டு டொக்டர் பீஆர்கே செய்தவர். மூடி இல்லை, மேல் தோலை மட்டும் வழிச்சுப்போட்டு அதிலையே செதுக்கிறது. கடைசி முடிவு லாசிக் மாதிரித்தான், ஆனா முதல் மூண்டு நாள் கண்ணுக்குள்ளை மிளகாய்த்தூள். ஜன்னலுக்குப் போர்வை கட்டிப்போட்டுக் கிடந்தனான். வடிவாத் தெளிய ஒரு மாசத்துக்கு மேலை போச்சு. சின்ன ஓட்டையாலை உள்ளை இருந்து ஒரு மெல்லிசுத் துண்டை உருவி எடுக்கிற ஸ்மைல் எண்டும் இருக்கு. மூண்டிலை ஒண்டும் எல்லாருக்கும் பொதுவில்லை.

மருமகள் கண்ணைக் கசக்கிற ஆளோ? அதைக் கட்டாயம் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. கோர்னியா மெலிஞ்சு கூம்பு மாதிரித் தள்ளிற வருத்தம் ஒண்டு இருக்கு, கெரற்றோகோனஸ். அது தொடங்கின கண்ணிலை செதுக்கினா இருக்கிறதும் போச்சு. மெசினிலை கோர்னியாவை வரைபடம் எடுத்துப் பாக்காமல் "வாங்கோ, நாளைக்கே செய்யலாம்" எண்டு சொல்லுற இடத்துக்குள்ளை செருப்பைக் கழட்டாதைங்கோ. கொன்ராக்ட் லென்ஸ் போடுற பிள்ளையெண்டா அளவு எடுக்க முதல் ஒண்டு ரெண்டு கிழமை கழட்டி வைக்க வேணும்.

எனக்குக் கண் உலருறது இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஏசி அறையிலை சொட்டு மருந்து வேணும். அதுக்காகக் கவலைப்படேல்லை. ஆனா செய்ய முதல் உதை எனக்கு ஒரு மனுசரும் சொல்லேல்லை.

ஒரு சந்தோசம். கோர்னியாவைச் செதுக்கிற இந்த எக்சைமர் லேசராலை சதையைச் சுடாமல் துல்லியமாச் செதுக்கலாமெண்டு கண்டவையிலை ஒருத்தர் எங்கடை ஆள். மதராசிலை பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1981 இலை ஐபிஎம் கொம்பனி ஆய்வுகூடத்திலை, பெருநாள் விருந்திலை மிஞ்சின வான்கோழித் துண்டிலைதான் முதல் சுட்டுப் பாத்தவை.

பென்சன்_நேர்ஸ்:
மைனஸ் ஆறு வடிவாச் சொல்லிப்போட்டார். ஒண்டு சேருங்கோ. லேசர் செய்த கண்ணுக்கும் வயசு போகேக்கை கற்றரக்ட் வரும். நாப்பதுக்கு மேலை வாசிக்கக் கண்ணாடியும் வரும். செதுக்கின கோர்னியாவிலை கற்றரக்ட் லென்ஸ் நம்பர் எடுக்கிறது சிக்கல், அதாலை செய்ய முதல் எடுத்த அளவுத் துண்டுகளை உறுதிக் கட்டோடை வைச்சுப் பூட்டுங்கோ.

கந்தர்மடம்_வாசி:
அப்பாவுக்கும் அடுத்த மாசம் திகதி தந்திருக்கினம். சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்னமும் உண்டோ? பெரியம்மா இறால், கணவாய், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி எண்டு மறிக்கிறா.

பென்சன்_நேர்ஸ்:
கிரந்தியும் இல்லை, மண்ணும் இல்லை. சீனிக்குப் பாத்துச் சாப்பிட்டாக் காணும். அப்பா மூத்திரம் போறதுக்கு எண்டு டாம்சுலோசின் குளிசை போடுறவரோ? போட்டவரெண்டா, முந்திப் போட்டு விட்டவரெண்டாலும், கண் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. அந்தக் குளிசை கண்மணியைச் சுத்தியிருக்கிற திரையைத் தொளதொளக்கப் பண்ணும். தெரிஞ்சா அதுக்கேற்ற ஆயத்தத்தோடை நிப்பினம், தெரியாட்டி இடையிலைதான் திணறுவினம். மூத்திரக் குளிசையைக் கண் டொக்டரிட்டைச் சொல்லுறதுக்கு என்ன இருக்கெண்டு கனபேர் விட்டிடுவினம். இரத்தம் உறையாமல் குடிக்கிற குளிசையையும் சொல்லுங்கோ, ஆனா நீங்களா நிப்பாட்டாதைங்கோ.

முடிஞ்சாப் பிறகு ஒரு நாலு கிழமை சொட்டு மருந்து. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு, போத்தல் நுனி இமையிலை படாமல் விடுங்கோ. கொஞ்ச நாளைக்குத் தலையிலை ஊத்திக் குளிக்கக்கூடாது, படுக்கேக்கை கண்மூடி போட வேணும், பாரம் தூக்கக்கூடாது. இன்னொண்டு, டொக்டர்மார் ஒருத்தரும் சொல்லாதது. திருநீறு. அண்ணாந்து நெத்தியிலை மூண்டு குறி இழுத்தா அரைவாசி கண்ணுக்குள்ளைதான் கொட்டுப்படும். ஒரு மாசத்துக்குத் தண்ணியிலை குழைச்சுப் பூசட்டும்.

கொக்குவில்_மகள்:
திருநீறு சொன்னது நல்லதாப் போச்சு. அம்மா நல்லூர்த் திருவிழா 25 நாளும் விடாத ஆள். கொடியேற முதல் திகதி வந்திடுமோ எண்டு கேக்கிறா.

பென்சன்_நேர்ஸ்:
வந்தா விடாதைங்கோ. முருகனை இந்த வருசம் வீட்டிலை இருந்து கும்பிட்டாக் கோவிக்க மாட்டார். அந்தப் புழுதிக்கும் கற்பூரப் புகைக்கும் சனநெரிசலுக்கும் புதுக்கண்ணோடை போறதில்லை. அங்கப்பிரதட்சணம் எண்டு அப்பா கிளம்பினா அவரையும் பிடிச்சு வையுங்கோ, கந்தர்மடம்.

கொக்குவில்_மகள்:
கனநாளாச்சு, எழுதாமல் விட்டதுக்கு மன்னிக்கோணும். தம்பி கடைசியிலை ஒத்துக்கொண்டிட்டான். வலது கண் இஞ்சைதான் செய்தது, மூண்டு கிழமையாச்சு. விழித்திரையிலை சீனியின்ரை தொடக்க அடையாளம் கொஞ்சம் இருக்காம், ஆனபடியா மல்ரிஃபோக்கல் கதையை டொக்டரே வெட்டி விட்டார். கிட்டத்துக்கு வைக்கிறதோ தூரத்துக்கோ எண்டு கேட்டவர். அம்மா தேவாரப் புத்தகத்தையும் அரிசியையும் சொன்னவா. ஆனா ஆள் ஒவ்வொரு நாளும் தனிய றோட்டைக் கடந்து கோயிலுக்குப் போறது, அதாலை தூரத்துக்கு வைச்சது. வாசிக்கக் கண்ணாடி அடுத்த கிளினிக்கிலை. மூத்தவள் 21 மட்டும் பொறுக்கிறதெண்டு சம்மதிச்சிட்டாள், மைனஸ் ஆறு அண்ணைக்கு நன்றி சொல்லச் சொன்னவள். மிளகாய்த்தூள் கதை வேலை செய்திருக்கு.

கண்கட்டுக் கழட்டி வீட்டை வந்தாப் பிறகு அம்மா ஒண்டும் பெரிசாச் சொல்லேல்லை. விறாந்தையிலை இருந்து முத்தத்தைப் பாத்துக்கொண்டிருந்தா. பிறகு எழும்பிப் போய்க் கொடியிலை காஞ்ச வேட்டியைத் தூக்கிப் பாத்தா. இடது கண்ணைப் பொத்திப் பாத்தா, வலது கண்ணைப் பொத்திப் பாத்தா. உள்ளை போய் அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு வேட்டியா வெளியிலை எடுத்துப் போட்டா. அவ்வளவும் வான நீலம்.

"ஆரடி இவ்வளவு நீலம் போட்டது?" எண்டு என்னிலை பாயுறா.

அப்பா பேப்பரை இறக்காமல் சொன்னார், "ரெண்டு வருசமா உதோடைதான் கோயிலுக்குப் போறன்."